எல்லாவற்றையும் அணைத்த பிறகும் 143 வாட். எங்கே போகிறது?

ஆரையம்பதி டீச்சர் (சனி, அதிகாலை 5.10)

வணக்கம். நான் கணிதம் படிப்பிக்கிறவள், மின்சாரம் படித்தவள் அல்ல. கேள்வி கொஞ்சம் நீளம். தரவு இல்லாமல் விடை கேட்கும் பிள்ளைகளை வகுப்பில் நானே இருத்திவிடுவதால், இங்கே முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வளவில் இரண்டு வீடுகள். முன்னால் இருப்பது எனக்குச் சீதனமாகக் கட்டியது. பின்னால், மாமரத்துக்கு அப்பால், அம்மாவின் பழைய வீடு: ஓர் அறை, சுவாமி அறை, குசினி, அவ்வளவுதான். மின்மானி ஒன்றே ஒன்று. முன்வீட்டிலிருந்து நிலத்துக்கடியில் குழாய் புதைத்து அம்மாவுக்கு வயர் போகிறது.

எப்போதும் 95 அலகைச் சுற்றி நிற்கும் மாதப் பட்டியல் வைகாசியில் 131 ஆனது. அடுத்தது 144. அதற்கடுத்தது 147. கட்டாரில் இருக்கும் கணவரிடம் சொன்னேன். "கச்சான் காற்று அடிக்கிறது, விசிறி கூட ஓடியிருக்கும்" என்றார். விசிறியைக் கணக்குப் பார்த்துக் காட்டினேன். இரண்டு விசிறி கூடுதலாக ஐந்து மணிநேரம் ஓடினாலும் 50 அலகு வராது. வாதத்தில் தோற்றவர், ஊருக்கு வந்த ஒருவரிடம் சிறிய பெட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். பிரேக்கர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் இருத்தி, உள்ளே வரும் வயரைச் சுற்றி ஒரு கவ்வியை மாட்ட வேண்டும். வீடு அந்தக் கணத்தில் எத்தனை வாட் இழுக்கிறது என்பதைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை கைபேசியில் காட்டும். வயரிங் செய்பவர் ஒருவரை அழைத்து மாட்டினோம். பெட்டியில் இரண்டு கவ்விகள் இருந்தன. ஒன்றுதான் மாட்டியிருக்கிறது, மற்றது அலுமாரியில்.

முதல் கிழமை எனக்கு அது விளையாட்டுச் சாமான்தான். கேத்தில் போட்டால் 1,850 ஏறும். கிணற்று மோட்டரை இயக்கிய கணத்தில் இரண்டாயிரத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு 740இல் அமைதியாகும். அயன் பெட்டி ஆயிரத்துக்கு ஏறும், சைபருக்கு இறங்கும், மறுபடி ஏறும். ஆண்டு 9 பிள்ளைகளுக்கு வரைபடப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இரண்டாவது கிழமை டோஹாவிலிருந்து அழைப்புகள் தொடங்கின. "இப்போது யார் அயன் போடுகிறார்கள்?" "மோட்டர் நாற்பது நிமிடமாக ஓடுகிறதே, தாங்கி வழியவில்லையா?" செயலியில் பதிவு அவருடைய பெயரில் இருக்கிறது. நான் என்ன சமைக்கிறேன் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது. இதைப் பிறகு கேட்கிறேன்.

இப்போது உண்மையான கேள்வி. வீட்டில் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண் 140க்குக் கீழே இறங்குவதே இல்லை. இன்று அதிகாலை 2 மணிக்கு எழுந்து முன்வீட்டில் விளக்கு, விசிறி, தொலைக்காட்சி, சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்தேன். என் பிரிட்ஜின் சொருகியையும் கழற்றினேன். 143. ரவுட்டரை மட்டும் அணைக்க முடியவில்லை, அதை அணைத்தால் இந்தப் பெட்டி ஊமையாகிவிடுகிறது. ஒரு ரவுட்டர் 143 வாட் இழுக்குமா? அம்மாவின் பக்கத்தில் ஒரு பழைய ஒற்றைக் கதவுப் பிரிட்ஜும் சுவாமி அறையின் சிறு சிவப்பு விளக்கும்தான் எப்போதும் எரிபவை. இரண்டும் ஆண்டுக்கணக்கில் இருப்பவை. அவற்றால் பட்டியல் ஏறுவதென்றால் எப்போதோ ஏறியிருக்க வேண்டும் அல்லவா?

143ஐ 24ஆலும் 30ஆலும் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 103 அலகு. நாங்கள் எல்லோரும் கதிர்காமத்துக்கு நடந்து போய் ஒரு மாதம் கழித்து வந்தாலும் 103 அலகுக்குப் பணம் கட்ட வேண்டும்.

நிலத்துக்கடியில் போகும் வயரில் கசிவு இருக்கலாம் என்று பக்கத்து வீட்டுத் தம்பி பயமுறுத்துகிறார். அதுவும் உண்மையா? இன்னொன்று: சில இரவுகளில் வரைபடத்தில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் ஏறத்தாழ 180 வாட் எழும்பி இருபது நிமிடம் நின்றுவிட்டுத் தானாக இறங்குகிறது. பேய் என்றால் அம்மா தேசிக்காய் வெட்டிவிடுவார். அதற்கு முன் காரணம் தெரிந்தால் நல்லது.


காத்தான்குடி வயரிங் (சனி, காலை 7.25)

டீச்சர், வணக்கம். கவ்வியை நீங்களே மாட்டாமல் ஆள் வைத்து மாட்டியது நல்ல வேலை. மானியிலிருந்து மெயின் சுவிட்சுக்கு வரும் வயரில், மெயினை அணைத்தாலும் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். இணையத்தில் படம் பார்த்துவிட்டு அங்கே கை வைப்பவர்களை நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும். மானியின் முத்திரை வைத்த மூடியை யாரும் தொடக்கூடாது என்பதையும் வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

கவ்வி ஒரு வயரை மட்டும்தான் சுற்றியிருக்க வேண்டும். ஒரு வீட்டில் லைனையும் நியூட்ரலையும் சேர்த்துக் கவ்விவிட்டு, "பெட்டி பழுது, சைபர்தான் காட்டுகிறது" என்று என்னைக் கூப்பிட்டார்கள். போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் ஒன்றையொன்று கழித்துவிட்டால் வேறென்ன காட்டும்? உங்களுடையது எண் காட்டுகிறது, ஆகவே அந்தப் பிழை இல்லை.

கசிவுக் கதைக்கு வருகிறேன். 140 வாட் நிலத்துக்குள் கசிகிறது என்றால் 230 வோல்ட்டில் அது 600 மில்லி அம்பியர். கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியருக்கே விழ வேண்டியது. உங்கள் வீட்டில் அது வேலை செய்கிறது என்றால் இவ்வளவு பெரிய கசிவு நிற்க வழியில்லை. வேலை செய்கிறதா என்பதைப் பார்க்க அதிலேயே ஒரு சிறிய சோதனைப் பொத்தான் இருக்கிறது. அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். விழாவிட்டால் பிரிட்ஜ், பட்டியல் எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலில் அதை மாற்றுங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பிடித்து உள்ளே இறுகிப் போன ட்ரிப் சுவிட்சுகளை நிறையக் கழற்றியிருக்கிறேன். வெளியே பார்த்தால் புதிதுபோல இருக்கும்.

பிறகு இதைச் செய்யுங்கள். ஒருவர் கைபேசியுடன் நிற்கட்டும், ஒருவர் பிரேக்கர்ப் பெட்டியில் நிற்கட்டும். சின்ன பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்குங்கள். இறக்கியதும் எண்ணைப் பார்க்காதீர்கள், கால் நிமிடம் பொறுங்கள். செயலி பின்னால்தான் வரும். எண் எவ்வளவு இறங்கியது என்று எழுதிவிட்டு அந்த பிரேக்கரை ஏற்றிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ரவுட்டர் இருக்கிற பிரேக்கரைக் கடைசிக்கு வையுங்கள்.

என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். "ஆண்டுக்கணக்கில் இருக்கிறது, அதனால் அதுவாக இருக்காது" என்றீர்கள். ஆண்டுக்கணக்கில் இருப்பதால்தான் நான் அதைச் சந்தேகப்படுகிறேன்.


காரைதீவு ஓய்வூதியர் (சனி, காலை 9.40)

மகள், கட்டாரிலிருந்து பெட்டி வருவதற்கு முன்பே உங்கள் மானி இந்த விடயத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. இலத்திரனியல் மானி என்றால் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்தில் ஓர் அலகுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். என்னுடையதில் 1600. வேறு மானிகளில் 1000 இருக்கும், 3200 இருக்கும், வாசித்துப் பாருங்கள்.

1600 என்றால், 2250ஐ இரண்டு சிமிட்டலுக்கு இடையிலுள்ள விநாடிகளால் பிரித்தால் வாட் வரும். ஐந்து விநாடி என்றால் 450 வாட். உங்கள் 143 உண்மையென்றால் பதினாறு விநாடிக்கு ஒருமுறை சிமிட்ட வேண்டும். பெட்டியில் வருவதும் மானியில் வருவதும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். பணம் வாங்குவது மானியின் கணக்குக்கு, செயலியின் கணக்குக்கு அல்ல.

எனக்கு 71 வயது. பின்னேரத்தில் கதிரையை மானிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தால் மனைவி ஏசுவார். ஆனாலும் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தபோது அந்தச் சிவப்பு விளக்கு மறுபடி சிமிட்டாதா என்று அவரும் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றவர்தான்.

மாலையில் அயன் போட்டால் விலை கூட என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். அது நேர அடிப்படையிலான கட்டணத்துக்கு மாறியவர்களுக்கு மட்டும். அவர்களுக்கு மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை விலை கூடிய நேரம், இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு. சாதாரண வீட்டு இணைப்பில் காலை என்ன, இரவு என்ன, எல்லா அலகும் ஒன்றுதான். அங்கே கடிக்கிறது படிமுறை. 60, 90, 120, 180 என்று ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் மேற்கொண்டு வரும் அலகின் விலையும் ஏறும், நிலையான கட்டணமும் ஏறும். நீங்கள் 95இலிருந்து 147க்குப் போனதில் ஒரு படி ஏறிவிட்டீர்கள். அலகு பாதிதான் கூடியது, பணம் அதைவிடக் கூடியிருக்கும். சரிதானே?


நிந்தவூர் மின்னணு (சனி, பிற்பகல் 1.15)

டீச்சர், உங்கள் இருபது நிமிடப் பேயைப் பிடித்துவிட்டேன். உங்கள் முன்வீட்டுப் பிரிட்ஜ் உறைபனி கட்டாத வகையாக இருக்க வேண்டும். அதன் உள்ளே குளிர்க் குழாயில் படியும் பனியை உருக்க ஒரு சிறு சூடேற்றி இருக்கிறது. குறித்த நேரம் ஓடிய பிறகு அது தானாக எரிந்து, பனி உருகியதும் தானாக அணையும். 150, 200 வாட் என்பது அதன் வழக்கமான அளவு. தேசிக்காயைச் சோற்றுக்கு ஊறுகாய் போடச் சொல்லுங்கள்.

வரைபடத்தை எண்ணாகப் பார்க்காமல் உருவமாகப் பாருங்கள். நல்ல பிரிட்ஜ் ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும். வரைபடத்தில் கோட்டைச் சுவர்போல ஏறி இறங்கும். இரண்டு பிரிட்ஜ் உள்ள வீட்டில் அப்படி இரண்டு சுவர் ஒன்றின் மேல் ஒன்று தெரிய வேண்டும். நீங்கள் சொல்வதில் ஒரு சுவர்தான் இருக்கிறது, அதன் அடியில் தட்டையாக ஒரு திண்ணை. திண்ணையாக இருப்பது நிற்காமல் ஓடும் ஏதோ ஒன்று. நிற்காமல் ஓடக்கூடாத ஒன்று நிற்காமல் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. காத்தான்குடிக் காக்கா சொன்னதையே நான் வேறு வாசலால் வந்து சொல்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. மின்னோட்டத்தை மட்டும் அளந்து, மின்னழுத்தம் 220 என்று தானே வைத்துக்கொண்டு பெருக்கும் மலிவுப் பெட்டிகளும் சந்தையில் உண்டு. மோட்டர், பிரிட்ஜ் போன்றவற்றுக்கு அந்தப் பெருக்கல் கூடுதலாகக் காட்டும். உண்மையில் வேலை செய்யும் வாட் அதைவிடக் குறைவு, மானி எண்ணுவதும் அந்த உண்மையான வாட்டைத்தான். உங்கள் பெட்டி வோல்ட்டையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறதா என்று பாருங்கள். 231, 228 என்று ஆடினால் அது உண்மையாக அளக்கிறது. எப்போதும் 220 என்று அசையாமல் நின்றால் நம்ப வேண்டாம். கவ்வி 100 அம்பியருக்கு உரியது என்றால் அரை அம்பியர்போன்ற சின்ன ஓட்டத்தில் கொஞ்சம் தடுமாறும். நம் வீடுகளுக்கு வருவது 30 அம்பியர் இணைப்பு, அதற்கு 100 அம்பியர்க் கவ்வி என்பது வெற்றிலை நிறுக்க நெல் தராசு கொண்டுவந்த மாதிரி. காரைதீவு ஐயாவின் சிமிட்டல் கணக்கு இதற்கும் மருந்து.

நான் என் வீட்டில் மின்சாரத்தை அளக்கும் பீஸெம் 004டி என்ற சிறு பலகையையும் அந்த அளவை அனுப்பும் ஈஎஸ்பி32 என்ற சில்லு ஒன்றையும் இணைத்து, ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளில் எண்ணைப் பார்க்கிறேன். எல்லாம் என் அலுமாரிக்குள் இருக்கும் ஒரு சிறு கணினியிலேயே தங்கிவிடும், வெளிநாட்டுச் சேமிப்பகத்துக்குப் போகாது. உங்கள் டோஹாக் கேள்விக்கும் இதில் ஒரு விடை இருக்கிறது. ஆனால் அந்தப் பலகையில் மெயின் மின்சாரம் நேரடியாக ஏறும். பெட்டிக்குள் மூடாமல் மேசையில் திறந்து வைக்கிற பொருள் அல்ல. உங்களுக்கு இப்போது அது தேவையில்லை. செயலியில் பெட்டியை நீக்கிவிட்டு உங்கள் பெயரில் மறுபடி பதிந்து, அவருக்கு நீங்கள் பகிர்ந்தால் போதும். பழைய வரைபடம் அழிந்துபோகலாம், முதலில் படம் எடுத்து வையுங்கள்.


கல்முனை இல்லத்தரசி (சனி, மாலை 4.50)

சகோதரி, வாட் கணக்கு எனக்கு விளங்காது. ஆனால் டோஹா அழைப்பு நன்றாக விளங்குகிறது. எங்கள் வீட்டில் அது கதவு மணிக் கமரா. அவர் சவூதியில் இருந்துகொண்டு "மீன்காரனிடம் ஏன் இவ்வளவு நேரம் விலை பேசினாய்" என்று கேட்டார். அடுத்த நாள் கமராவுக்கு மேல் துவாய் காயப் போட்டேன். மூன்று நாள் காய்ந்தது. பிறகு அவரே பேச்சை எடுத்தார், பேசித் தீர்த்துக்கொண்டோம். நீங்களும் கவ்வியின் மேல் துவாய் போட முடியாது என்பதால் நேரே பேசிவிடுங்கள்.


ஆரையம்பதி டீச்சர் (ஞாயிறு, காலை 6.30)

எல்லோருக்கும் நன்றி. ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினேன், விழுந்தது. வோல்ட் 226க்கும் 234க்கும் இடையில் ஆடுகிறது, அசையாமல் நிற்கவில்லை.

மானியில் 1600 என்றுதான் இருக்கிறது. அதிகாலை நான்கரைக்கு டோர்ச் லைட்டுடன் போய் நின்று பத்துச் சிமிட்டல் எண்ணினேன். 142 விநாடி. கணக்குப் போட்டால் 158 வாட். பெட்டி 143 காட்டுகிறது. பெட்டி பொய் சொல்கிறது என்று மகிழ்ச்சியோடு உள்ளே வந்து தேநீர் போட்டபோதுதான் உறைத்தது. முதல் சிமிட்டலை "ஒன்று" என்று எண்ணியிருக்கிறேன். பத்துச் சிமிட்டலுக்கு நடுவில் இடைவெளி ஒன்பதுதான். பத்து வேலிக்கட்டைக்கு நடுவில் எத்தனை இடைவெளி என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் போடும் கணக்கு! ஒன்பதால் பார்த்தால் 142 சொச்சம். மானியும் பெட்டியும் ஒரே வாய். இதை என் மாணவர் யாரும் இங்கே வாசிக்கவில்லை என்று நம்புகிறேன்.

பிறகு பிரேக்கர்கள். என் பிரிட்ஜின் சொருகி கழற்றிய நிலையில், மகனைக் கைபேசியுடன் நிறுத்தி ஒவ்வொன்றாக இறக்கினோம். முன்வீட்டு விளக்கு: மாற்றமில்லை. குசினி: மாற்றமில்லை. மோட்டர்: மாற்றமில்லை. பின்வீடு: 143இலிருந்து 17. மகன் "அம்மா, அம்மம்மாதான்!" என்று கத்தியதில் அவர் பின்னாலிருந்து "நான் என்ன செய்தேன்?" என்று கேட்டபடி வந்துவிட்டார்.

ஆக 126 வாட். சுவாமி விளக்கு 7. மிச்சம் 119 வாட் அந்தப் பழைய பிரிட்ஜ்தான், நிற்காமல்.

அம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அதன் கதவு பிடிக்கவில்லை. வைகாசிச் சடங்குக்குத் தயிர்ச் சட்டி நாலு வைத்த நாளிலிருந்து திறந்து திறந்து வருகிறது. நான் சேலைத் துண்டால் கட்டி வைத்திருக்கிறேன்." ஏன் சொல்லவில்லை என்றேன். "யார் கேட்டீர்கள்? எல்லோரும் போனைத்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்."

போய்ப் பார்த்தேன். கைப்பிடியில் பச்சைச் சேலைத் துண்டு முடிச்சுப் போட்டுத் தொங்குகிறது. மூன்று மாதமாக நான் அந்தக் குசினிக்குள் தினமும் போய் வருகிறேன்.


காத்தான்குடி வயரிங் (ஞாயிறு, காலை 8.05)

டீச்சர், பிரிட்ஜ் பழுது என்று உடனே புதிது வாங்க ஓட வேண்டாம். கதவு ரப்பர் காய்ந்து கல்லாகியிருக்கும். நூறு ரூபாத் தாள் ஒன்றை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தடங்கலில்லாமல் வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. நாலு பக்கமும் பாருங்கள். மேலே ஐஸ் மலைபோல ஏறியிருந்தால் அதுவும் அதே காரணம்தான். கச்சான் காலத்துச் சூட்டுக் காற்று இடுக்கால் உள்ளே போய், அதிலுள்ள ஈரம் உறைந்துவிடும். உள்ளே குளிர் போதாது என்று குளிரூட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ரப்பர் மாற்றுகிறவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் ஒரு சாண் முன்னால் இழுத்து வையுங்கள், பின்னாலிருக்கும் சூடு வெளியேற வேண்டும்.

அலுமாரியில் தூங்கும் இரண்டாவது கவ்வியை எடுத்து வையுங்கள். சனிக்கிழமை ஆரையம்பதிப் பக்கம் வேலை இருக்கிறது. பின்வீட்டு வயரில் மாட்டிவிடுகிறேன்.


ஆரையம்பதி டீச்சர் (அடுத்த சனி, இரவு 8.20)

முடிந்த கதையை முடிவு சொல்லாமல் விடுவது முறையல்ல.

நூறு ரூபாத் தாள் கைப்பிடிப் பக்கம் மேலிருந்து கீழ்வரை வழுக்கிக்கொண்டு வந்தது. ஐஸ் இருந்தது, ஒரு சாண் உயரம். அதற்குள் சடங்குக்கு வாங்கிய ஒரு பால் பைக்கற்றும் உறைந்து கிடந்தது. வியாழக்கிழமை திருத்துபவர் வந்து ரப்பரை மாற்றினார். குளிர் அளவுத் திருகு கடைசி எண்ணில் நின்றது, அதை நடுவுக்குக் கொண்டுவந்தார். சேலைத் துண்டை அவிழ்க்க அம்மா விடவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு அவரே அவிழ்த்தார்.

இப்போது அது 22 நிமிடம் ஓடுகிறது, 31 நிமிடம் நிற்கிறது. சராசரி 49 வாட். மாதத்துக்கு 86 அலகு தின்ற பொருள் 36 அலகுக்கு வந்துவிடும். மிச்சம் 50. பட்டியலில் ஏறியதும் அதே 50. கணக்கு இவ்வளவு அழகாக முடிவது வாழ்க்கையில் அபூர்வம், பாடப்புத்தகத்தில்கூட விடை இப்படி முழு எண்ணாக வராது.

அயன் பெட்டிக்கு நடந்த அநியாயத்தையும் கணக்குப் பார்த்தேன். அந்த பிரிட்ஜ் ஒரு நாளில் வீணாக்கியது 1.7 அலகு. அதைக் கொண்டு நான் மூன்று மணிநேரம் தொடர்ந்து அயன் போட்டிருக்கலாம். என் அரை மணிநேர அயனுக்குத்தான் டோஹாவிலிருந்து விசாரணை வந்தது. அயன் ஏறி இறங்குகிறது, கண்ணில் படுகிறது. பிரிட்ஜ் தட்டையாகக் கிடந்தது, அவருக்கும் படவில்லை, எனக்கும் படவில்லை.

கல்முனைச் சகோதரி சொன்னபடி நேரே பேசினேன். வியாழன் இரவு அவரே அழைத்தார். "அடியிலிருந்த கோடு பல்லுப் பல்லாக மாறிவிட்டது, என்ன செய்தாய்?" என்று கேட்டார். நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. கதையைச் சொன்னேன், சேலைத் துண்டு வந்ததும் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு, பெட்டியை என் பெயருக்கு மாற்றப் போகிறேன், அயனைப் பற்றி இனி ஒரு வார்த்தை வரக்கூடாது என்றேன். சரி என்றார். கொஞ்சம் பொறுத்து, காலையில் கேத்தில் ஏறுவதை மட்டும் பார்க்க விடச் சொன்னார். இங்கே ஐந்து மணி என்றால் அங்கே இரண்டரை. வேலை முடிந்து வந்து, அந்த 1,850 ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாராம். எனக்கு அது தெரியாது. என் பெயருக்கு மாற்றி, அவருக்கும் பகிர்ந்துவிட்டேன். பழைய வரைபடம் நிந்தவூர்த் தம்பி சொன்னபடி அழிந்துதான் போனது. படம் எடுத்து வைத்திருக்கிறேன், ஆண்டு 9க்கு உதவும்.

காத்தான்குடிக் காக்கா இன்று வந்து இரண்டாவது கவ்வியை மாட்டினார். தேநீர் மட்டும் குடித்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். அம்மா இரண்டு தயிர்ச் சட்டியைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

பின்வீட்டுக்கு இப்போது தனி எண் வருகிறது. பின்னேரம் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து "என்னுடையது எத்தனை?" என்று கேட்டார். பிரிட்ஜ் நின்றிருந்த நேரம். 7 என்று காட்டினேன்.

கொஞ்சம் யோசித்தார். "அது பிள்ளையாருடைய விளக்கு. என்னுடையது சைபர் என்று எழுது" என்றார்.